மூன்று விரல், நான்கு சம்மதம்

ஆழ்வாரப்பன் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு நின்ற தோரணையைப் பார்த்ததுமே சுயம்புக்கனிக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு இந்தக் கல்யாணம் நடக்காது. தேரிநகர்ப் பதிவு அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறவள் அவள். பெண்ணின் அப்பா மூக்கை உறிஞ்சினால் என்ன அர்த்தம், மாப்பிள்ளையின் மாமா கடிகாரத்தைப் பார்த்தால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"அண்ணாச்சி, கைய வெளிய எடுங்க," என்றாள் கனி.

"எடுக்க மாட்டேன்."

"நான் எண்ணப் போறேன்."

"தாராளமா எண்ணு தாயி. நூறு வரைக்கும் எண்ணு."

மாப்பிள்ளை செண்பகராஜ் நிலாவில் கீரை வளர்க்கும் பண்ணையில் வேலை பார்க்கிறான். கல்யாணம் பதிவானால் அடுத்த மாத ராக்கெட்டில் ஆழ்வாரப்பனின் மகள் மதிவதனியையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான். திரும்பி வர நான்கு வருடம். ஆழ்வாரப்பனுக்கு மாப்பிள்ளையின் மேல் ஒரு குறையும் கிடையாது, கோபமெல்லாம் நிலாவின் மேல்தான். பெண் வீட்டுச் சாட்சியாக வேறு யாரையாவது நிறுத்திக்கொள்ளலாம் என்று கனி சொல்லிப் பார்த்தாள். மதிவதனி ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். அப்பா விரல்தான் வேண்டும், இல்லையென்றால் போகவே மாட்டேன் என்றாள்.

விரல் என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டால், ஆமாம், அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை. முன்னொரு காலத்தில் கையெழுத்து என்று ஒன்று இருந்தது. பிறகு முகம், குரல், கண்பாவை எல்லாவற்றையும் யந்திரங்கள் அச்சு அசலாகப் போலி செய்யக் கற்றுக்கொண்டன. ஊரில் இல்லாத ஆள் இருக்கிற வீட்டை விற்றான். பெண்ணுக்கே தெரியாமல் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. தலையைப் பிய்த்துக்கொண்ட அரசாங்கம் கடைசியில் கூட்டு விரல் சட்டம் கொண்டுவந்தது. சம்மதம் என்பது இனிமேல் ஓர் அறையில், உடம்போடு, எல்லாரும் ஒரே நேரத்தில் விசையை அமுக்குவது. முன்னே ஒருத்தர் பின்னே ஒருத்தர் என்று அமுக்கினால் செல்லாது. நீ அமுக்கினாய் அதனால் நானும் அமுக்கினேன் என்று பிறகு யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது அல்லவா?

இதற்கு எந்த வலையிலும் சேராத யந்திரம் ஒன்று தேவைப்பட்டது. ஒரு பழைய கிட்டங்கியில் நூறு வருடமாக விற்காமல் கிடந்த மைனா என்ற வீட்டுக் கணினி அகப்பட்டது. தொலைக்காட்சிப் பெட்டியோடு சேர்த்துப் பிள்ளைகள் விளையாடுவதற்காகச் செய்தது. நாற்பது விசை, ஒரு சின்ன ஒலிபெருக்கி, அவ்வளவுதான். அதற்குக் கண்ணும் இல்லை காதும் இல்லை, விரல் பட்டால் மட்டும் தெரியும். பெண், மாப்பிள்ளை, ஆளுக்கொரு சாட்சி என்று நாலு விரலும் ஒன்றாக விழுந்தால் கூவும். கூவிவிட்டால் கல்யாணம் முடிந்தது, மறுபேச்சு கிடையாது.

"ஒண்ணு," என்றாள் கனி. "ரெண்டு... மூணு."

மூன்று விரல்கள் இறங்கின. ஆழ்வாரப்பனின் கைகள் அக்குளுக்குள்ளேயே இருந்தன.

மைனா கூவியது. திரையில் 'நான்கு பேர் சம்மதம்' என்று வந்தது, பக்கத்து அச்சுப்பெட்டியிலிருந்து சீட்டும் வந்து விழுந்தது.

"ஏய், நான் தொடவே இல்லையே!" என்று ஆழ்வாரப்பன் கூரை அதிரக் கத்தினார்.

மாப்பிள்ளையின் மாமாவுக்கு வாயெல்லாம் பல். "மைனா சொன்னா சொன்னதுதான் சம்மந்தி. கை வேண்டாம்னு சொன்னாலும் மனசு அமுக்கிருச்சு பாத்தீயளா?" என்று அல்வாப் பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. செண்பகராஜும் பாதி சிரித்தான். மதிவதனி மட்டும் சிரிக்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனிக்கு அந்தச் சீட்டைத் தொட மனம் வரவில்லை. ஏனென்றால் அமுக்காத விரலுக்கு மைனா கூவும் என்பது அந்தக் கூடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் ஏற்கெனவே தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே மேசையின் மறுபக்கம் அவள் மணப்பெண்ணாக நின்றாள். அன்று எண்ணியவர் பழைய பதிவாளர் கந்தவேல். மாப்பிள்ளை லிங்கதுரையை அதற்கு முன் இரண்டே தடவைதான் பார்த்திருந்தாள். அவனுக்கு ராக்கெட் தளத்தில் இறங்குமுகமாக எண்ணிச் சொல்லும் வேலை. புறப்பாட்டு நாட்களில் 'பத்து, ஒன்பது, எட்டு' என்று ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்பது அவன் குரல்தான். குறை சொல்ல ஒன்றுமில்லாத பையன், அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. குறையில்லாதவனிடம் 'கொஞ்சம் பொறு' என்று எந்த வாயால் சொல்வது? 'மூணு' என்ற சத்தம் கேட்டபோது அவள் விரல் விசைக்கு ஒரு நூல் மேலே நின்றுவிட்டது. இறங்கவில்லை. இதை அவள் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வாள்.

ஆனாலும் மைனா கூவியது. எல்லாரும் பூவைப் போட்டார்கள். அவளும் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள்: தன் மனசு தனக்குத் தெரியும் முன்பே மைனாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நம்பிக்கையோடுதான் குடித்தனம் நடத்தினாள். நல்ல குடித்தனம். ஒன்பது வயதில் ஒரு பெண், வாரம் ஒரு சண்டை, மற்ற நாளெல்லாம் சிரிப்பு. தேரிநகரில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் ஒரு வசனம் தவறாமல் வரும்: 'நீதானே அமுக்கின? இப்ப அனுபவி!' கனியின் வீட்டில் அந்த வசனம் மட்டும் வந்ததே இல்லை. அவள் ஏன் சொல்வதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவனும் சொல்வதில்லையே என்றால், அது அவனுடைய நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது ஆழ்வாரப்பன் அவள் முன்னால் நின்றார். கோபமெல்லாம் வடிந்து அழுவதற்குத் தயாராக இருந்தார்.

"நான் வேண்டாம்னு சொன்னது யார் கணக்குலயும் வரலையா தாயி?" என்றார்.

சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டால் யாரும் கனியைக் குற்றம் சொல்ல முடியாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. விஷயமும் அத்தோடு அமுங்கிவிடும், அவளுடைய பதினோரு வருடமும் பத்திரமாக இருக்கும். கனி முத்திரைக் கட்டையை எடுத்தாள். ஆழ்வாரப்பனின் அக்குளைப் பார்த்தாள். கட்டையை வைத்துவிட்டு, சீட்டை நாலாகக் கிழித்தாள்.

"இந்தப் பதிவு நிக்காது. மெஷின பாக்க ஆள் வரட்டும்," என்றாள்.

மாமா அல்வாப் பெட்டியை மூடிவிட்டுச் சட்டம் பேச ஆரம்பித்தார். மதிவதனிதான் அவரை அடக்கினாள்.

மறுநாள் காயல்பட்டினத்திலிருந்து நூருல் ஐனி வந்தாள். முப்பது வயது இருக்கும், நிற்க நேரமில்லாத ஆள். தென்மாவட்டத்து மைனாக்களுக்கெல்லாம் அவள்தான் வைத்தியம். வந்ததும் வராததுமாக மேல்மூடியைக் கழற்றி, மூன்று விரல்களால் மூன்று மூலை விசைகளை அமுக்கினாள். மைனா கூவியது. இரண்டு விரலால் அமுக்கினாள், அது வாயைத் திறக்கவில்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. யாருக்கா இந்த ஒட்டுப்பொட்ட இந்த நாலு மூலையில ஒட்டுனது?" என்று கேட்டாள்.

"நான்தான்," என்றாள் கனி.

அது அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்துச் சமர்த்து. கையேட்டில் நாலு பேருக்கும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து விசைகள்தான் சொல்லியிருந்தது. ஆனால் நாலு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றால் மாலைகள் சிக்கிக்கொண்டன. ஒரு மாமாவின் தொந்தி பட்டு ஒரு மணப்பெண் மேசையிலேயே கவிழ்ந்தாள். கனி பார்த்தாள், பந்தலுக்கு நாலு கால் மாதிரி நாலு மூலை விசைகளில் நாலு ஒட்டுப்பொட்டு வைத்து, மேசையின் இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் என்று நிறுத்தினாள். பார்க்க அம்சமாக இருந்தது. கந்தவேல் சாரே பாராட்டினார்.

நூருல் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "அம்சமாத்தான் இருக்கு. இங்க பாருங்க, உள்ள நாலு கம்பி குறுக்க ஓடுது, பத்து கம்பி நெடுக்க ஓடுது. விசைய அமுக்குனா ஒரு குறுக்கும் ஒரு நெடுக்கும் தொட்டுக்கும். மைனா ஒரு கம்பில கரண்ட விட்டு எதுல வெளிய வருதுன்னு பாக்கும். அதுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

"சரி."

"ரெண்டு தெரு, ரெண்டு சந்துன்னு வச்சுக்கோங்க. தெருவும் சந்தும் சேருத நாலு முக்குலயும் ஒரு கேட்டு. மூணு கேட்ட திறந்து வச்சா, நாலாவது பூட்டியே கெடந்தாலும் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயிரலாம்லா? மைனா ஆள் வந்துட்டானான்னு மட்டும்தான் பாக்கும். எந்த வழியா வந்தான்னு கேக்காது. நாலு மூலையில மூணு விரல் பட்டா, நாலாவது விரலும் பட்ட மாதிரிதான் அதுக்குத் தெரியும். ஒரே வரிசையில வச்சிருந்தா இந்தத் தொல்லையே கெடையாது, ஒரு தெருதான்."

"அப்போ மனசு கினசெல்லாம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள் கனி.

"மனசா? எக்கா, இது விளையாட்டுச் சாமான்."

கனி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருடமாக அவள் சாய்ந்து நின்ற சுவரை இந்தப் பெண் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டுப் போகிறாள்.

"அப்போ இது வரைக்கும் இங்க நடந்த கல்யாணம்?"

"ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆளு கள்ளம் பண்ணியிருக்கலாம். ஒரே ஒரு ஆளுதான். ரெண்டு பேரு அமுக்காம இருந்தா மைனா கூவாது."

கனி அன்றைக்கே மாவட்டப் பதிவாளருக்கு எழுதினாள், பொட்டு ஒட்டியது நான்தான் என்பதையும் மறைக்காமல். வேலை போகும் என்று நினைத்தாள். போகவில்லை. பதில் உத்தரவு அதைவிடப் பெரிதாக வந்தது. பொட்டு ஒட்டிய நாள் முதல் தேரிநகரில் பதிவான அத்தனை ஜோடியும் ஒரு மாதத்துக்குள் வந்து மறுபடி அமுக்க வேண்டும், சாட்சி தேவையில்லை, இரண்டு விரல் போதும். அமுக்காதவர்கள் கல்யாணமாகாதவர்கள். கடைசி நாளன்று அலுவலக ஊழியர்களின் முறை. நூருல் வந்து பொட்டுகளை ஒரே வரிசைக்கு மாற்றி, வேண்டும்போது இரண்டு விரலுக்கும் கூவும்படி மைனாவைத் திருத்திக் கொடுத்தாள்.

ஊர் இதைத் திருவிழா ஆக்கிவிட்டது. அலுவலக வாசலில் பந்தல் போட்டார்கள், ஒருவர் சுக்குக் காபிக் கடை வைத்தார். அப்பா அம்மா கல்யாணத்தைப் பார்க்கப் பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தார்கள். பழைய மாலைப் படத்தைக் கொண்டுவந்து அதே மாதிரி நிற்பேன் என்று சில பெண்கள் அடம்பிடித்தார்கள். 'என் விரலால சேத்து வச்ச ஜோடி' என்று ஒன்பது வருடமாகப் பீற்றிக்கொண்டிருந்த மாமியார் ஒருத்தி, 'அன்னைக்குக் கையில ஆரத்தித் தட்டு இருந்துச்சு, எப்பிடி அமுக்க?' என்று எல்லார் முன்னாலும் உளறிவிட்டாள். அவள் மருமகள் சிரித்த சிரிப்பில் பந்தலே ஆடியது.

மூன்றாம் நாள் ஆழ்வாரப்பன் மகளோடும் மாப்பிள்ளையோடும் வந்து நின்றார். கைகள் வெளியே இருந்தன. இவர்களுடையது புதுப் பதிவு என்பதால் நாலு விரலும் வேண்டும்.

"நீ அந்தச் சீட்ட கிழிச்சதுல என் கோவம் பாதி போயிட்டு தாயி. என்னால மாட்டேன்னும் சொல்ல முடியும்னு தெரிஞ்சப்புறம்தான், சரின்னு சொல்லலாமேன்னு தோணுச்சு," என்றார். பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கிழமை தவறாம பேசணும். கீரை நல்லா இருக்குன்னு கதை விடாம, பிள்ளை நல்லா இருக்காளான்னு சொல்லணும்," என்றார். 'மூணு' என்றதும் அவர் அமுக்கிய அமுக்கில் மைனா ஒரு விரற்கடை நகர்ந்துபோனது.

எல்லாமே சிரிப்பாக முடியவில்லை. சந்தனமாரி என்று ஒருத்தி புருஷனோடு வந்தாள். கனி எண்ணினாள், மைனா பேசவில்லை. இன்னொரு தடவை எண்ணினாள். சந்தனமாரி இரண்டு கைகளையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கும் நான் அமுக்கலக்கா," என்று சாந்தமாகச் சொல்லிவிட்டு, ஒரு பையோடு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். புருஷன் வெறும் திரையைப் பார்த்தபடி நின்றான். பதிவேட்டில் 'சம்மதம் இல்லை' என்று கனி எழுதினாள். அந்தப் பெண் சொன்ன அதே வார்த்தையைத்தான் அவளும் இத்தனை நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தாள். பேசாமல் அமுக்கிவிட்டால் லிங்கதுரைக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. ஆனால் சந்தனமாரிக்கு இருந்த தைரியம் தனக்கு இல்லாமல் போயிற்றே என்று ஆயுசுக்கும் உறுத்தும்.

கடைசி நாள் மத்தியானம் லிங்கதுரை சோற்று அடுக்கோடு வந்தான். காலையில் ஒரு ராக்கெட்டை எண்ணி அனுப்பிவிட்டு வந்த தொண்டை கரகரத்தது. கூடம் காலியாக இருந்தது, மேசையில் இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். கடைசி நாள் மைனாவைச் சரிபார்க்க வந்திருந்த நூருல் உள்ளறையில் ஒரு வடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் கனி.

"எனக்கும் ஒண்ணு சொல்லணும். நீ முதல்ல சொல்லு."

கனி புளிக்குழம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நம்ம கல்யாணத்துல நான் அமுக்கல. விரல் மேலயே நின்னுட்டு. உங்கள பிடிக்காம இல்ல. பயந்துட்டேன். இத்தனை வருஷம் சொல்லாம இருந்தது தப்புதான். என்ன வேணாலும் திட்டுங்க."

அவன் திட்டவில்லை. கையிலிருந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு அவளை வினோதமாகப் பார்த்தான்.

"கனி, நானும் அமுக்கல."

"என்ன சொல்லுதீங்க?"

"நீ நின்ன நிலைய பாத்தேன். உன் விரல் ஆடிட்டு இருந்துச்சு. இந்தப் பிள்ளைக்கு இஷ்டம் இல்ல போலன்னு நினைச்சேன். நான் அமுக்கி நீ அமுக்கலைன்னா ஊரு உன்னத்தான் பேசும். நான் அமுக்காம நின்னுட்டா பழி என் தலையோட போயிரும்னு விரல தூக்கியே வச்சிருந்தேன். அது பாட்டுக்குக் கூவிட்டு. சரி, இவளுக்கு இஷ்டம் போல, இவ ஆசைக்கு மைனாவே இறங்கி வந்துட்டுன்னு நினைச்சேன். அதான் எந்தச் சண்டையிலயும் 'நீதானே அமுக்கின'ன்னு நான் சொன்னதே இல்ல. திருப்பி நீ என்னக் கேட்டா என்ன சொல்லுவேன்?"

கனிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தன்னைத் தப்பிக்க விடுவதற்காக ஊர் முன்னால் அவமானப்படத் தயாராக நின்ற ஆளோடு பதினோரு வருடம் வாழ்ந்திருக்கிறாள், அது தெரியாமலே. மூக்கைத் துடைத்துக்கொண்டபோதுதான் அவளுக்குள் இருந்த பதிவு எழுத்தர் விழித்துக்கொண்டாள்.

"இருங்க, இருங்க. நாம ரெண்டு பேரும் அமுக்கலைன்னா மைனா எப்பிடிக் கூவுச்சு?"

"எனக்குச் சாட்சியா நின்ன எங்க அண்ணன் அமுக்கினானே."

"அவிய மோதிரம் பட்டு அந்த விசையில இப்பவும் கீறல் இருக்கு. என் சாட்சி எங்க சித்தி, அவ விரல் மருதாணிக் கறை இன்னொண்ணுல இருக்கு. அது ரெண்டு விரல்தான். மூணாவது யாருது? நூருலு!"

நூருல் வடையோடு வந்து, கதையைக் கேட்டு, சந்தேகமே வேண்டாம் என்று மைனாவைப் பழையபடி நாலு விரல் கணக்குக்கு மாற்றி, அந்தக் கீறல் விசையையும் கறை விசையையும் சேர்த்து அமுக்கிக் காட்டினாள். மைனா கல்லாக இருந்தது.

"நாலு பேர் கணக்குல ரெண்டு விரலுக்குக் கூவவே கூவாது. உங்கள்ல ஒரு ஆளு அமுக்கியிருக்கீய. அமுக்குனது அந்த ஆளுக்கே தெரியல," என்றாள்.

"யாரு?"

"அத மைனாட்டதான் கேக்கணும். அது சுவிட்ச அணைச்சதுமே எல்லாத்தையும் மறந்துரும்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு லிங்கதுரையின் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லக் கிளம்பியது.

"நீதானே அமுக்கின?" என்றான்.

"நீங்கதான் அமுக்குனீங்க!"

"உன் விரல்தான் ஆடிட்டு இருந்துச்சு."

"ஆடுன விரல் அமுக்காது. நீங்கதான் என்ன விட மனசில்லாம அமுக்கியிருக்கீங்க. தியாகியாம் தியாகி!"

பதினோரு வருடம் பாக்கி வைத்திருந்த வசனத்தை இருவரும் ஒரே மத்தியானத்தில் பேசித் தீர்த்தார்கள். நூருல் வடையைத் தின்று முடித்து, கையைக் கழுவி, மணி மூன்றரை, நாலு மணிக்குப் பதிவு முடிந்துவிடும் என்று ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

நூருல் மைனாவை மறுபடி இரண்டு விரலுக்கு மாற்றினாள். அதில் இப்போது பொட்டுகள் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். கனி வழக்கம்போல் 'ஒண்ணு' என்று ஆரம்பிக்கப் போனாள்.

"இன்னைக்கு நான் எண்ணுதேன்," என்றான் லிங்கதுரை. "எனக்குத் தெரிஞ்ச மாதிரி."

"எண்ணுங்க."

ஊர் முழுக்கக் கேட்கும் அந்தக் குரலை அவளுக்கு மட்டும் கேட்கிற அளவுக்குக் குறைத்துக்கொண்டு அவன் எண்ணினான். "மூணு... ரெண்டு... ஒண்ணு..."

மைனா கூவியது. ஆனால் இந்தத் தடவையும், பார்த்துக்கொண்டு நின்ற நூருலைக் கேட்டால் சொல்வாள், இருவரில் ஒருவர்கூடத் தன் விரலைப் பார்க்கவில்லை. அவன் அவள் விரலையும் அவள் அவன் விரலையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.